தூக்கத்தை விலைக்கு வாங்கிய சதுப்பு நிலம்

குடியை விடச் சொன்னால் பலரும் சொல்லும் பதில், “அது இல்லாமல் ராத்திரி கண் மூட முடியாது” என்பது. நாம் அதை வெறும் சாக்கு என்று தள்ளிவிடுகிறோம். அப்படித் தள்ளக் கூடாது என்பதற்கு ஒரு வட்டாரத்தின் வரலாறே சாட்சி சொல்கிறது. இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் கேம்பிரிட்ஜ்ஷயர், லிங்கன்ஷயர், நார்ஃபோக் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் தாழ்ந்த சதுப்பு நிலத்துக்கு ஃபென்ஸ் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் நாட்டிலேயே மிக அதிகமாக அபினி உண்ட வட்டாரங்களில் அதுவும் ஒன்று. இரண்டு தலைமுறைக்குள் அந்தப் பழக்கம் அங்கே தேய்ந்து மறைந்தது. அது எப்படி நடந்தது என்று பார்த்தால் ஓர் உண்மை துலங்கும்: தூக்கத்துக்காகப் பற்றிக்கொண்ட பழக்கம், அந்தத் தூக்கத்தைக் கெடுத்த காரணத்தைத் தீர்க்காத வரை விடாது.

ஈலி, விஸ்பெக் போன்ற ஊர்களில் சந்தை நாளன்று மருந்துக் கடைக்கு வரும் விவசாயக் கூலிகள் ஒரு பென்னியை மேசையில் வைத்தால் போதும், அபினி மாத்திரை கைக்கு வந்துவிடும். மளிகைக் கடையிலும் அது கிடைத்தது. வீட்டுத் தோட்டத்தில் வெள்ளைப் பூப் பூக்கும் கசகசாச் செடியை வளர்த்து, அதன் காயை வேகவைத்துக் கஷாயம் வைத்தார்கள். பல் முளைக்கும் குழந்தைக்கும் அதுவே மருந்து. அபினியைப் பியரோடு சேர்த்துக் குடிப்பதும் வழக்கமாக இருந்தது. சார்லஸ் கிங்ஸ்லி 1850இல் எழுதிய ‘ஆல்டன் லாக்’ நாவலில் இந்த ஊர்களின் அபினிப் பழக்கம் பேச்சோடு பேச்சாக வருகிறது. சரக்கு இந்தியாவிலிருந்து போயிருக்கும் என்று நாம் நினைக்கலாம். இந்திய அபினியில் பெரும்பகுதி சீனாவுக்குப் போனது. இங்கிலாந்து வாங்கியதில் மிகுதியும் துருக்கிச் சரக்கு. ஃபென்ஸ் மக்கள் இன்பத்தைத் தேடி அபினிக்குப் போனார்கள் என்று சொல்ல முடியாது. தேங்கிய நீரில் பெருகிய கொசுக்களால் குளிர்காய்ச்சல் அங்கே வீட்டுக்கு வீடு இருந்தது. அது மலேரியாதான். ஈரத் தரையில் வாழ்ந்தவர்களை மூட்டுவலி வாட்டியது. மருத்துவரோ தொலைவில் இருந்தார், அவருக்குக் கொடுக்கப் பணமும் இல்லை. பகல் முழுக்க மண்ணில் உழைத்தவருக்கு இரவில் நடுக்கமும் குடைச்சலும் வந்தால், கண் மூட வைத்த ஒரே பொருள் அந்த ஒரு பென்னி மாத்திரை.

குழந்தைகளின் கதை இதைவிடக் கொடியது. பெண்களைக் கும்பலாகச் சேர்த்துக்கொண்டு மேஸ்திரி தொலைவான வயல்களுக்கு அழைத்துப் போவார். கைக்குழந்தை வீட்டில் கிழவியிடமோ சிறுமியிடமோ இருக்கும். அழாமல் கிடக்க அதற்கு ‘காட்ஃப்ரே கார்டியல்’ புகட்டினார்கள். சர்க்கரைப் பாகில் அபினி கலந்த மருந்து அது. கடைக்குக் கடை அதன் வீரியம் மாறும். குலுக்காமல் விட்டால் அபினி அடியில் தங்கிவிடும். அதே புட்டியில் முதல் கரண்டி ஒன்றும் செய்யாமல் போகலாம், கடைசிக் கரண்டி உயிரை எடுக்கலாம். மயக்கத்தில் கிடந்த குழந்தை பசித்து அழாது, பாலும் குடிக்காது, மெலிந்து சாகும். சாவுப் பதிவேட்டில் ‘பலவீனம்’ என்று எழுதப்படும். அரசுக்காக இதை விசாரித்த மருத்துவர் ஹென்றி ஜூலியன் ஹன்டர் 1864இல் வெளிவந்த அறிக்கையில் தாய்மாரின் வயல்வேலை, கவனிப்பாரற்ற சிசு, அபினி மூன்றையும் சேர்த்தே காட்டினார். திறந்த வெளியும் நல்ல காற்றும் உள்ள கிராமங்களில் ஆலை நகரங்களுக்கு நிகராகச் சிசுக்கள் இறந்ததற்கு விளக்கம் அதில் இருந்தது.

இப்படிக் கிடைத்தது தூக்கமா? கவிஞர் கோல்ரிட்ஜ் 1803இல் அபினியை நிறுத்த முயன்றபோது இரவெல்லாம் கொடுங்கனவுகளில் அலறினார். அந்த நாட்களில்தான் ‘உறக்கத்தின் வேதனைகள்’ என்று தலைப்பிட்டு ஒரு கவிதை எழுதினார். 1816 முதல் 1834இல் இறக்கும் வரை ஹைகேட்டில் கில்மன் என்ற மருத்துவரின் வீட்டிலேயே தங்கியிருந்தும் அவரால் அபினியை முற்றாக விட முடியவில்லை. 1953இல் சிகாகோ ஆய்வாளர்கள் கனவுறக்கத்தைக் கண்டறிந்த பிறகே இதன் காரணம் தெளிவாகத் தொடங்கியது. அபினி ஆழ்ந்த உறக்கத்தையும் கனவுறக்கத்தையும் குறைக்கிறது. மது முன்னிரவில் சீக்கிரம் கண்ணயர வைக்கிறது. உடல் அதைக் கரைத்து முடித்ததும் பின்னிரவில் விழிப்பு தட்டிக்கொண்டே இருக்கும். நாள்பட்ட பழக்கத்தை நிறுத்தினால் உறக்கம் முன்னைவிட மோசமாகும். அந்தச் சில இரவுகளை, “பார், இது இல்லாமல் எனக்கு முடியாது” என்பதற்கு ஆதாரமாக மனிதர் எடுத்துக்கொள்கிறார். பழக்கம் உண்டாக்கிய நோயைத் தீர்க்கும் மருந்தாக அதே பழக்கம் நிற்கிறது.

அப்படியானால் சட்டம்தானே ஃபென்ஸ் மக்களை மீட்டது என்று கேட்கலாம். 1868இல் வந்த மருந்தகச் சட்டம் அபினி விற்பனையைப் பதிவு பெற்ற மருந்தாளுநர்களிடம் ஒப்படைத்தது. புட்டியில் ‘நஞ்சு’ என்று எழுத வைத்தது. அதன் பின் குழந்தைகளின் அபினிச் சாவு குறைந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் பெரியவர்கள் பணத்தைக் கொடுத்து அபினி வாங்க அந்தச் சட்டம் தடை போடவில்லை. பழக்கத்தின் வேரை அறுத்தவை வேறு மாற்றங்கள். நீராவி எஞ்சின்கள் நீரை இறைத்தன. விட்டில்சி என்ற பெரிய ஏரியே 1851இல் வற்றவைக்கப்பட்டது. குயினைன் பரவியது, வீடுகள் மேம்பட்டன, காய்ச்சல் பின்வாங்கியது. 1867இல் வந்த சட்டம் வயல் கும்பல்களுக்கு உரிமம் கேட்டது, எட்டு வயதுக்குட்பட்டவர்களை அதில் சேர்க்கத் தடை விதித்தது. காய்ச்சலை அறியாமல் வளர்ந்த தலைமுறைக்கு அபினி தேவைப்படவில்லை. பழைய தலைமுறையோடு பழக்கமும் போனது.

இதே பாடத்தை நம் நாடும் கற்றது. பம்பாய் பஞ்சாலைகளுக்கு வேலைக்குப் போன தாய்மார் கைக்குழந்தைக்கு அபினி உருண்டை கொடுத்துத் தூங்க வைத்தார்கள். 1931இல் அறிக்கை தந்த விட்லி தொழிலாளர் ஆணையம் இதைக் கண்டித்ததோடு நிற்காமல், ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஐம்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் இடத்தில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. தாயைத் திட்டுவதைவிடத் தொட்டில் கட்டித் தருவது குழந்தையைக் காக்கும் என்ற அறிவு அது.

காரணத்தையே பேசினால் குடிப்பவரின் பொறுப்பு என்ன ஆவது என்ற கேள்வி நியாயமானது. பொறுப்பு அவருக்கு உண்டு. நிறுத்திய பின் வரும் கெட்ட இரவுகளை அவர்தான் கடக்க வேண்டும்; வேறு எவரும் அவருக்காகக் கடக்க முடியாது. ஆனால் அந்த இரவுகள் வரும் என்றும், நாளடைவில் தணியும் என்றும் அவருக்கு முன்கூட்டியே சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது. நாள்பட்டு நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், மருத்துவர் துணையும் அவருக்கு வேண்டும். உடம்பு வலிக்குக் குடிக்கிறேன் என்று கட்டடத் தொழிலாளி சொன்னால், முதலில் அந்த வலிக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். இடுப்பொடியும் வேலையையும் காற்றில்லாத படுக்கையையும் மாற்ற வேண்டும். ஃபென்ஸ் மக்கள் நம்மைவிட மன உறுதி மிக்கவர்கள் அல்லர். அவர்களுடைய காய்ச்சல் போனது, கைமருந்தும் போனது. இன்று ஒருவரைப் பழக்கத்திலிருந்து மீட்க நினைப்பவர், எவ்வளவு குடிக்கிறாய் என்பதோடு, ராத்திரி உன்னை எது தூங்கவிடாமல் செய்கிறது என்றும் கேட்க வேண்டும். அந்த இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் சிகிச்சை தொடங்குகிறது.