ஒலியிற் பிறந்த ஒரு சொல்

கேட்ட ஒலியையே போன்றொலித்துப் பொருளுணர்த்தும் சொற்கள் உலக மொழிகள் பலவற்றிலும் உள. தேனீயின் இரைச்சலை ஆங்கிலேயர் 'பஸ்' என்பர். நீரிற் பொருள் வீழ்ந்து தெறித்தலை 'ஸ்பிளாஷ்' என்பர். தமிழரோ சலசல என்றும் நெறுநெறு என்றும் இரட்டித்து மொழிவர். இசை, குறிப்பு, பண்பு என்னும் மூன்றன்கண்ணும் உரிச்சொல் தோன்றும் எனத் தொல்காப்பியர் வகுத்தார். இத்தகைய சொற்களைச் சிறுவர்க்குரிய விளையாட்டு மொழியென எண்ணுவாரும் உளர். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதைப் புத்தளக் கரையோர மக்களின் வாழ்வோடு கலந்த 'டொம்டொம்' என்னும் ஆங்கிலச் சொல் ஒன்றே காட்டும்.

இச்சொல் இங்கிலாந்திற் பிறந்ததன்று. பறையின் முழக்கத்தை ஒத்த இந்துஸ்தானிச் சொல்லினின்று இஃது ஆங்கிலம் புகுந்தது என்பர் அகராதியாளர். சிங்களத்தின் 'தம்மெட்டம', தமிழின் தம்பட்டம், தமுக்கு என்பனவும் இதனோடு ஒத்த ஓசையுடையன.

கடன்பெற்ற சொல்லை ஆங்கில ஆட்சியாளர் வழங்கிய முறையே கருதத்தக்கது. முன்னேசுவரத் திருக்கோயிலில் முழங்கும் தவிலும், பக்கீர்மார் தட்டிப் பாடும் றபானும், விகாரைகளில் ஒலிக்கும் தவுலும் அமைப்பாலும் நாதத்தாலும் வேறானவை. ஆட்சியாளரின் எழுத்திலோ இவற்றின் வேறுபாடு பெரிதும் மறைந்து, டொம்டொம் என்னும் ஒரு பெயரே எஞ்சிற்று. சிங்களருள் முழவிசைக் கலையைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றிய பெரவாயினர் 'டொம்டொம் அடிப்போர்' எனப் பதிவேடுகளிற் குறிக்கப்பட்டனர். ஒலியைக் குறித்த எளிய சொல், ஒரு சமுதாயத்தின் புலமையை மறைக்கும் திரையுமாயிற்று.

எனினும் இச்சொல்லுக்கு மற்றொரு பயனும் உண்டு. கற்பிட்டியில் 1807இற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கைக் கசற்றியரை ஆங்கிலத்தில் இயற்றிப் பின்னர்ச் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகவும் விளங்கினார். ஆயின் அத்தகைய ஆங்கிலப் புலமை அக்காலத்தில் மிகச் சிலர்க்கே வாய்த்தது. மீனவனுக்கும் தென்னந்தோட்டத் தொழிலாளிக்கும் நீதிமன்றத்து ஏடு ஊமையே. அவர்தம் செவிக்கு எட்டும் வழி பறையொலியே.

இதனை உணர்ந்தே, அசையாச் சொத்தைக் கைப்பற்றும் கட்டளையை அவ்விடத்தில் டொம்டொம் அடித்து அறிவித்தல் வேண்டும் என 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை விதித்தது. காணிப் பங்கீட்டுக்கான 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டமும் நில அளவையின்போது பறையறைந்து வாய்மொழியாக அறிவிக்கும் வழக்கை ஏற்றது. இஃது அற்பச் சடங்கன்று. பிரிக்கப்படாத தென்னங்காணியிற் பங்குடையோன் உரிய காலத்தில் தன் உரிமையை எடுத்துரையானாயின், அதனை இழத்தலும் கூடும். வாசிக்க அறியாதவனுக்கு அம்முழக்கமே அழைப்பாணை.

பறை என்பது முரசையும் குறிக்கும். பறைதல் என்பது பேசுதலையும் குறிக்கும். ஈழத்துப் பேச்சுவழக்கில் இவ்விரண்டாம் பொருள் இன்றும் உயிருடன் நிலவுகின்றது. முழவு பேசும் என்பதைத் தமிழ் மறந்திலது; ஆங்கிலச் சொல்லோ அதன் ஒலியை மட்டுமே பற்றிக்கொண்டது. ஆதலின் ஒலிக்குறிப்புச் சொற்களைப் பயில்வோர் அகராதிப் பொருளோடு அமைதல் போதாது. அச்சொல்லை வழங்கியோர் யாவர், அதனாற் குறிக்கப்பட்டோர் யாவர் என்பவற்றையும் உடன் ஆராய்தல் வேண்டும்.