நோயாளரைத் தேடி வந்த வண்டி: இறக்காமத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

கல்முனைக் கரையின் ஊர்கள் கடலை நோக்கியவை. இறக்காமமோ குளத்தை நோக்கியது. கரையோர நெடுஞ்சாலையினின்றும் மேற்கே விலகி, வயல்களுக்கிடையே அமைந்த இவ்வூரிற் பாம்பு தீண்டியவனுக்கும் பிரசவ வேதனையுற்றவளுக்கும் தூரமே முதற் பகையாய் இருந்தது.

இலங்கையின் அரசாங்க வைத்தியத்துறை கட்டணமின்றிச் சிகிச்சையளிப்பதிற் புகழ்பெற்றது. ஆயின் அச்சிகிச்சை வைத்தியசாலை வாயிலிலேதான் தொடங்கிற்று. அம்புலன்ஸ் வண்டிகள் நெடுங்காலமாக இருந்தனவெனினும், அவை பெரும்பாலும் ஒரு வைத்தியசாலையிலிருந்து மற்றொன்றுக்கு நோயாளரை மாற்றுதற்கே பயன்பட்டன. வீட்டிலிருந்தும் வயலிலிருந்தும் அவ்வாயில்வரை கொண்டு சேர்ப்பது உற்றார் பாடு. மாட்டுவண்டி, பின்னர் உழவு இயந்திரப் பெட்டி, அதன் பின்னர் முச்சக்கரவண்டி என ஊர்தி மாறியதேயன்றி, வழியில் நோயாளியின் மூச்சைக் கவனிப்பார் இலர். குளங்களின் வரலாற்றை இத்துணை விரிவாக எழுதுவோர், குளக்கட்டு வழியே நிகழ்ந்த இப்பயணங்களையும் சிறிது எழுதலாம்.

2016 யூலையில் மேல், தென் மாகாணங்களில் ‘1990 சுவசெரிய’ சேவை தொடங்கியது. இந்தியா வழங்கிய 75 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட நன்கொடையில் 88 வண்டிகள் ஓடலாயின. 2005 இல் ஐதராபாத்தில் தோன்றிய ‘108’ சேவையே இதற்கு முன்மாதிரி. முதற் பணியாளர் பலர் அங்கேயே பயிற்சி பெற்றனர். அயல்நாட்டு நிறுவனம் உட்புகுவதாகக் கூறி அரசாங்க வைத்திய அதிகாரிகள் சங்கம் இதனை எதிர்த்தது. அவ்வெதிர்ப்பை வெறும் பிடிவாதமென ஒதுக்குதல் பொருந்தாது; பொதுப்பணி எவர் கையில் இருத்தல் வேண்டும் என்பது நியாயமான வினாவே. ஆயினும் கிழக்கிலே கேட்கப்பட வேண்டிய வினா வேறு: வண்டி எப்போது வரும்?

2017 ஏப்பிரலில் அவ்வினா கூர்மையுற்றது. இறக்காமம் வாங்காமத்திற் கந்தூரி உணவு நஞ்சானதாற் பல நூற்றுவர் வைத்தியசாலைகளிற் சேர்க்கப்பட்டனர், மூவர் உயிரிழந்தனர். ஒரே வேளையில் ஓர் ஊரே நோயுற்ற அந்நாட்களில், 1990 என்னும் இலக்கம் கிழக்கு மாகாணத்துக்கு உரியதாகவில்லை. அச்சேவை இருந்திருப்பின் அம்மூவரும் பிழைத்திருப்பர் எனக் கூறுதல் வரலாறாகாது. சொல்லத்தக்கது இவ்வளவே: நாட்டின் ஒரு பாதியில் உரிமையாகிவிட்டது, மறுபாதியில் இன்னும் காத்திருப்பாகவே இருந்தது.

2018 இல் சுவசெரிய மன்றச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு யூலை 21 ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் நாடளாவிய விரிவாக்கம் தொடக்கிவைக்கப்பட்டது. 2019 அளவில் ஒன்பது மாகாணங்களிலும் ஏறத்தாழ 300 வண்டிகள் பணியில் இருந்தன. பல வண்டிகள் பொலிஸ் நிலையங்களிலே தரித்து நிற்கும். ஒவ்வொன்றிலும் சாரதியோடு, பிராணவாயு செலுத்தவும் குருதிப்பெருக்கை நிறுத்தவும் பயின்ற அவசர மருத்துவ உதவியாளர் ஒருவர் உடன்செல்வார்.

அழைப்போ முதலில் மேற்குக் கரையில் உள்ள இராஜகிரியவுக்கே செல்கிறது. வயல்வெளிக்கு வீதிப் பெயரும் இல்லை, வீட்டிலக்கமும் இல்லை. குளக்கட்டு, மதகு, பள்ளிவாசல் என அடையாளம் சொல்லும் கிழக்கின் பேச்சுத் தமிழை, தீவின் மறுகரையில் இருப்பவர் ஒரே தடவையில் விளங்கிக்கொள்ள வேண்டும். வண்டி புறப்படுவது அதன் பின்னரே.