தூக்கி இறக்கும் கீல் - ஒரு சின்னச் சரித்திரம்

"திருமங்கலத்துக்காரனுக்கும் பாய்மரப் படகுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நம்ம பக்கம் கண்மாயில் தண்ணீர் நிற்பதே வருஷத்தில் சில மாதம். ஆனால் மதுரையைத் தாண்டும் வைகை பாக் விரிகுடாவை நோக்கித்தானே போகிறது? அந்த ஆற்று முகத்துக்குப் பக்கத்தில், அழகன்குளத்தில் தோண்டியபோது கப்பல் படம் கீறிய பானை ஓடே கிடைத்தது. ஆகவே மெக்கானிக்கல் படித்த எனக்கும் இதில் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

பக்கவாட்டில் காற்று அடித்தால் பாய்மரப் படகுக்கு இரண்டு தொல்லை. ஒன்று, காற்றோடு ஒதுங்கிப் போகும். இன்னொன்று, சாய்ந்து கவிழப் பார்க்கும். அடியில் ஆழமாக இறங்கி நிற்கும் கனத்த கீல் இரண்டையும் தடுக்கும். ஆனால் ஆழமில்லாத கரையில் அதுவே தரை தட்டும்.

நம் கரையில் இது பெரிய பிரச்னை. ஆதம் பாலத்து மணல் திட்டுகளில் சில இடங்களில் ஒரு மீட்டர் ஆழம்தான். நம் மீனவர்கள் வேலையை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். கட்டுமரத்தில் ஒரு பலகையைத் தண்ணீரில் இறக்கி ஒதுங்கலைத் தடுத்தார்கள். கரை வந்ததும் உருவிக்கொண்டார்கள். பாக் விரிகுடாப் படகுகளில் குறுக்கே நீளப் பலகை கட்டி, காற்று வரும் பக்கம் ஆட்கள் போய் உட்கார்ந்து சாய்வைச் சமாளித்தார்கள். மெட்ராஸ் மாகாண மீன் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகுகளைப் பற்றி 1920-ல் எழுதியது இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

வெள்ளைக்காரர் கதை வேறு. பிரிட்டிஷ் கடற்படையின் ஜான் ஷாங்க் 1774-ல் பாஸ்டனில் மேலும் கீழும் நழுவும் கீலோடு ஒரு படகு கட்டினார். அந்த முறையில் கட்டிய 'லேடி நெல்சன்' 1800-ல் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது. ஆனால் 1802-ல் அதன் முக்கியமான கீல் உடைந்து போனது. காற்றோடு ஒதுங்கத் தொடங்கிய அந்தக் கப்பலை, கூடப் போன ஃபிளிண்டர்ஸ் சிட்னிக்கே திருப்பி அனுப்பிவிட்டார். கதவு மாதிரி ஒரு முனையில் அச்சு வைத்து ஆடும் பலகைக்கு 1811-ல் அமெரிக்காவில் ஸ்வெயின் சகோதரர்கள் காப்புரிமை வாங்கினார்கள்.

இன்றைய சின்னப் படகுகளின் ஸ்விங் கீல் அந்த வழியில் வந்ததுதான். உதாரணம், 1970-களில் பிரபலமான கேட்டலினா 22. சுமார் 250 கிலோ வார்ப்பிரும்புக் கீல். தூக்கினால் 2 அடித் தண்ணீர் போதும். இறக்கினால் 5 அடி வேண்டும். நம்மவர்கள் பிரித்து வைத்த இரண்டு வேலையும் இங்கே ஒரே இரும்பின் தலையில். அந்த இரும்பு தொங்குவதோ ஒரே ஒரு அச்சு ஊசியில்!

பழைய படகை வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ஊசி தேய்ந்தால் துளை முட்டை வடிவமாகும். கீல் 'டொக் டொக்' என்று ஆடும். படகை உயர்த்தி, கீலைத் தாங்கியில் இறக்கி, துளையைக் கடைந்து புஷ் போட்டு, புது ஊசி மாட்ட வேண்டும். துருவைச் சுத்தமாக உரித்து, ஈரக்காற்று படுமுன் எபாக்ஸி பூச வேண்டும். தூக்கும் கம்பி வடத்தில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். வடம் அறுந்தால் அத்தனை எடையும் ஒரே வீச்சில் இறங்கி அடியை உடைக்கும். தண்ணீர் உள்ளே வரும். அப்புறம் உயிர்ப் பிரச்னை.

உப்புத் தண்ணீரில் வெண்கலமோ ஸ்டெயின்லெஸோ தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பு சீக்கிரம் அரிக்கும். அதற்காகத் துத்தநாகத்தைப் பலி கொடுக்கலாம். 1824-ல் ஹம்ப்ரி டேவி கப்பலின் செம்புத் தகட்டைக் காக்கச் சொன்ன யோசனையும் இதே வகைதான். இந்த விஷயம் படிக்க இங்கிலாந்து போக வேண்டாம். அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் நிதியிலும் 1948-ல் அஸ்திவாரம் போட்டு, 1953-ல் திறந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. கடல் அரிப்பைச் சோதிக்க மண்டபத்திலும் அதற்கு நிலையம் உண்டு.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அசையும் பாகம் ஒன்றைச் சேர்த்தால், அதைப் பராமரிக்கும் பொறுப்பும் கூடவே சேருகிறது. கட்டுமரத்துப் பலகைக்கு அச்சும் இல்லை, வடமும் இல்லை. உடைந்தால் இன்னொரு பலகை. நீங்கள் எதை வடிவமைத்தாலும், 'இதை நாளைக்கு யார், எப்படிக் கழற்றுவார்?' என்று ஒரு தடவை கேட்டுவிட்டு வரைபடத்தில் கையெழுத்துப் போடுங்கள்.