மணலெழுத்தும் ‘சென்னை முறை’யும்

ஐரோப்பியக் கல்வி வரலாற்றில் ‘சென்னை முறை’ எனப் பெயர்பெற்ற கற்பித்தல் முறை, மூத்த மாணவரைக் கொண்டு இளையோருக்குப் பாடஞ்சொல்லும் சட்டாம்பிள்ளை முறையாகவே பெரிதும் அறியப்பட்டுள்ளது. சிறு செலவில் பலருக்குக் கற்பிக்க அது உதவியமையால் ஆய்வாளர் கவனமும் அதன்மேலேயே நிலைத்துவிட்டது. அம்முறை தோன்றிய சூழலை நோக்கினால், சென்னையிலிருந்து முதற்கண் எடுத்துக்கொள்ளப்பட்டது வேறொன்று என்பது புலனாகும். எழுதத் தொடங்கும் குழந்தையின் விரலுக்குக் கீழே பரப்பப்பட்ட மணலே அது.

1787இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்து நாட்டவரான ஆண்ட்ரூ பெல், 1789இல் எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகள் காப்பகத்தின் பொறுப்பை ஏற்றார். ஐரோப்பியப் படைவீரரின் பிள்ளைகள் அங்கு வளர்க்கப்பட்டனர். ஒரு காலைப்பொழுதில் குதிரைமேற் செல்கையில், ‘மலபார்’ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையிலமர்ந்து மணலில் விரலால் எழுதுவதை அவர் கண்டார். (அக்கால ஆங்கிலேயர் தமிழரையும் அப்பெயராலேயே சுட்டினர், அதனைக் கேரளப் பள்ளியென்று கொள்ளுதல் பொருந்தாது.) காப்பகத்தின் அரிச்சுவடி வகுப்பிலும் அவ்வாறே கற்பிக்குமாறு அவர் பணித்தார். உதவியாசிரியர் அது இயலாதென்றார். அதன்பின்னரே எட்டு வயதுச் சிறுவனாகிய ஜான் ஃப்ரிஸ்கெனிடம் அவ்வகுப்பு ஒப்படைக்கப்பட்டது. மணலை ஏற்க ஆசிரியர் மறுத்தமையே அக்காப்பகத்தில் மாணவ ஆசிரியனுக்கு இடமளித்தது எனலாம். இச்சோதனையைப் பற்றிய பெல்லின் நூல் 1797இல் இலண்டனில் வெளிவந்தது.

மணலைப் பயன்படுத்தியமை வறுமையின் விளைவு என்று மட்டும் கருதுவோர் உளர். தாட்செலவு மிச்சமாவது உண்மையே. 1623இல் இக்கேரிப் பகுதியில் பயணம் செய்த இத்தாலியரான பியெத்ரோ தெல்லா வாலே, கோயில் முன்றிலில் நான்கு சிறுவர் பாடத்தை இசையோடு சொல்லிக்கொண்டே மணலில் எழுதியதைக் கண்டு, அதனையும் குறித்துள்ளார். எனினும் சிக்கனம் இம்முறையின் ஒரு பகுதியை மட்டுமே விளக்குகிறது. பெல்லாரி மாவட்ட ஆட்சியர் காம்ப்பெல் 1823இல் அளித்த அறிக்கை, மற்றொரு பகுதியைக் காட்டுகிறது. ஐரோப்பாவில் குழந்தை முதலில் எழுத்தின் பெயரை ஒலிக்கப் பழகியது. இங்கோ விரலால் எழுதுவதே முதற்பாடமாக இருந்தது. எழுத்தின் வடிவம் கைவழியே மனத்தில் பதிந்தது. பிழைபட எழுதினால் உள்ளங்கையால் ஒருமுறை தடவினால் போதும், பிழையின் சுவடே எஞ்சாது. அஞ்சும் குழந்தைக்கு இதைவிடப் பெரிய துணை வேறில்லை.

ஓலையோ பிழை பொறுக்காதது. எழுத்தாணியால் கீறிய கோடு அழியாது. மேலும், ஓலையை இடக்கையில் ஏந்தி, எழுத்தாணியை இடக்கைப் பெருவிரலின் மேல் ஊன்றி, ஓலையை நகர்த்தி எழுதுவது சிறுகைகளுக்கு எளிதன்று. வடிவத்தையும் கருவியையும் ஒருங்கே கற்பிக்க முயன்றால் இரண்டும் கெடும். மணல் இவ்விரண்டையும் பிரித்து வைத்தது. இடையில் ‘சட்டம்’ எனப்பெற்ற மேல்வரி ஓலை நின்றது. ஆசிரியர் கீறித் தந்த வரிவடிவத்தைப் பார்த்தும் அதன் மேலேயே வரைந்தும் பிள்ளைகள் பழகினர். 247 எழுத்துகளையும் இவ்வழியே கடப்பதற்கு மாதங்கள் பல சென்றிருக்கும்.

இலண்டனில் 1798இல் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர், மணற்பலகையைப் பெல்லிடமிருந்தே பெற்றார். ஆங்கில எழுத்துகளை நேர்க்கோட்டு வடிவின, சாய்கோட்டு வடிவின, வளைவுடையன எனப் பிரித்து, எளியவற்றிலிருந்து அரியவற்றிற்குச் செல்லுமாறு அவர் அமைத்தார். தமிழ்த் திண்ணைப் பள்ளி நெடுங்கணக்கின் முறைவைப்பை மாற்றவில்லை. வடிவ எளிமையைக் காட்டிலும் ஒலியொழுங்கு அங்கு முதன்மை பெற்றது. கையின் நோக்கில் லங்காஸ்டரின் வரிசை மேலானது. ஆயின் தெல்லா வாலே கேட்ட இசை இலண்டன் மணற்பலகையில் இல்லை.

இத்துணை எல்லாக் குழந்தைகளுக்கும் கிட்டியதன்று. சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்ததாக ஆளுநர் மன்றோ 1826இல் பதிவு செய்தார். அவருள் பெண்குழந்தைகள் மிகச் சிலரே. சிலேட்டும் தாளும் பரவியபின் அப்பள்ளிகளிலிருந்து மணல் மறைந்தது. விசயதசமி நாளில் குழந்தையின் விரலைப் பற்றி அரிசியில் எழுதுவிக்கும் வழக்கம் மட்டும் வீடுகளிலும் கோயில்களிலும் தொடர்கிறது.