செயல்முறை மருத்துவம்: சிகிச்சை நடைமுறையும் தொழில்முறை வளர்ச்சியும்

மருத்துவமனைகளில் ஆக்குபேஷனல் தெரபி என்று வழங்கும் செயல்முறை மருத்துவம், அன்றாட வாழ்க்கை தடைப்பட்டவர்கள் தமக்கு வேண்டிய செயல்களை மீண்டும் செய்ய வழிகாட்டும் துறை. தடைக்குக் காரணம் நோயாகவோ விபத்தாகவோ பிறவிக் குறைபாடாகவோ மனநலச் சிக்கலாகவோ முதுமையாகவோ இருக்கலாம். உண்பது, குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, பள்ளிக்குப் போவது, வேலை பார்ப்பது, விளையாடுவது என மனிதர் செய்யும் எல்லாமே இத்துறையின் எல்லைக்குள் வரும். சிகிச்சையின் இலக்கும் செயல்தான், அதன் கருவியும் செயல்தான். இயன்முறை மருத்துவத்தோடு கைகோத்து இயங்கும் துறை இது. கை எத்தனை பாகை உயர்கிறது என்று அளந்த பிறகு, அந்தக் கையால் நோயாளி தலை வாரிக்கொள்கிறாரா என்று கேட்பது இதன் தனி இயல்பு.

தோற்றம்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் 1917 மார்ச் மாதம் சிலர் கூடி, செயல்முறை மருத்துவ வளர்ச்சிக்கான தேசியச் சங்கத்தைத் தொடங்கினர். இன்றைய அமெரிக்கச் செயல்முறை மருத்துவச் சங்கத்தின் முன்னோடி அதுவே. கூட்டத்தை நடத்திய ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன் ஒரு கட்டடக் கலைஞர். காசநோயாலும் இடப்பக்கச் செயலிழப்பாலும் முடங்கிய அவர், தோட்ட வேலையும் பட்டறை வேலையும் செய்து தேறியவர். மனநல மருத்துவர் வில்லியம் ரஷ் டன்டன், சமூகப் பணியாளர் எலினர் கிளார்க் ஸ்லேகிள், கைவினை ஆசிரியை சூசன் காக்ஸ் ஜான்சன், தொழிற்பயிற்சியில் தேர்ந்த தாமஸ் கிட்னர் ஆகியோரும் நிறுவனர்கள். ஒரே துறைக்குள் அடங்காதவர்கள் சேர்ந்து தொடங்கியதால், உடலையும் மனத்தையும் பிரிக்காமல் பார்க்கும் பழக்கம் இத்துறைக்குத் தொடக்கத்திலேயே அமைந்தது.

நெடுநாள் மனநோயாளிகளுக்கு எழுவது, குளிப்பது, வேலை செய்வது, ஓய்வெடுப்பது என ஒரு நாளின் ஒழுங்கையே மருந்தாக்கிய பழக்கப் பயிற்சியை ஸ்லேகிள் வகுத்தார். முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களின் மறுவாழ்வுப் பணி இத்துறையை இராணுவ மருத்துவமனைகளுக்குள் கொண்டு சென்றது. இங்கிலாந்தின் முதல் பயிற்சிப் பள்ளியான டார்செட் ஹவுஸை மருத்துவர் எலிசபெத் காசன் 1930இல் பிரிஸ்டல் நகரில் நிறுவினார். உலகச் செயல்முறை மருத்துவர் கூட்டமைப்பு 1952இல் உருவானது. அதைத் தொடங்கிய 10 நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தசை, நரம்பு, மூட்டு என்று உறுப்பளவில் கவனம் குறுகியது. மனிதரின் செயல் என்ற மையத்துக்குத் துறை திரும்ப வேண்டும் என்று மேரி ரெய்லி 1961இல் ஆற்றிய உரையில் வாதிட்டார். அவருடைய மாணவரான கேரி கீல்ஹாஃப்னர் தம் கூட்டாளிகளுடன் 1980இல் மனிதச் செயற்பாட்டு மாதிரியை வெளியிட்டார். ஒருவரது விருப்பம், பழக்கம், செய்திறன், சூழல் ஆகியவை ஒன்றையொன்று எவ்வாறு பாதிக்கின்றன என்று பார்க்க அந்த மாதிரி சிகிச்சையாளருக்குச் சொல்லித்தருகிறது.

இந்தியாவும் வேலூரும்

இந்தியாவில் இத்துறைக்கு அடித்தளமிட்டவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, இந்தியக் குடிமகளாக வாழ்ந்த அவர், மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1950இல் ஆசியாவின் முதல் செயல்முறை மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அகில இந்தியச் செயல்முறை மருத்துவர் சங்கம் 1952இல் உருவானது.

தமிழ்நாட்டில் மறுவாழ்வு மருத்துவம் வேரூன்றிய இடம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. தொழுநோயால் நரம்பு பாதிக்கப்பட்டு விரல்கள் மடங்கிப்போன கைகளுக்கு, வேறிடத்துத் தசைநாணை மாற்றிப் பொருத்தும் அறுவைச் சிகிச்சையை அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் அங்கே செய்யத் தொடங்கினார். கத்தியோடு வேலை முடியவில்லை. இடம் மாறிய தசைநாணுக்குப் புதிய வேலையைப் பழக்க வேண்டியிருந்தது. உணர்ச்சியற்ற விரல்களைச் சூட்டிலிருந்தும் கூர்முனையிலிருந்தும் காக்கும் வழியைக் கற்பிக்க வேண்டியிருந்தது. ஊர் ஒதுக்கியவர்களுக்குப் பிழைப்பும் வேண்டியிருந்தது. அதற்காக உருவான நவஜீவ நிலையத்தில் நோயாளிகள் தச்சுவேலை போன்ற தொழில்களைக் கற்றார்கள்.

அதே கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். வேலூரை அடுத்த பாகாயத்தில் 1966இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் அவரது முயற்சியின் பயன்.

சிகிச்சை நடைமுறை

சிகிச்சை மதிப்பீட்டில் தொடங்குகிறது. மூட்டசைவு, பிடிவலிமை, தொடுவுணர்வு, நினைவாற்றல், கவனம் ஆகியவை அளக்கப்படும். அன்றாடச் செயல்களில் ஒருவர் எவ்வளவு பிறர் துணையின்றி இயங்குகிறார் என்பதை அறியப் பார்த்தெல் குறியீடு பயன்படுகிறது. 1965இல் வெளியான இதில் 10 செயல்களுக்கு மொத்தம் 100 மதிப்பெண். செயல்சார் தற்சார்பு அளவீட்டில் 18 கூறுகள் உண்டு. ஒவ்வொன்றும் 1 முதல் 7 வரை மதிப்பிடப்படும்.

இந்த அளவீடுகள் எல்லாம் சிகிச்சையாளரின் கணிப்பு. நோயாளியின் கணிப்புக்கு இடம் தருவது கனடியச் செயலாற்றல் அளவீடு. தமக்கு முக்கியமான, ஆனால் செய்ய முடியாமல் இருக்கும் செயல்களை நோயாளியே சொல்வார். அவற்றுள் ஐந்து வரை தேர்ந்து, எவ்வளவு நன்றாகச் செய்கிறார், அதில் எவ்வளவு நிறைவு என 10க்கு மதிப்பெண் இடுவார். சிகிச்சைக்குப் பின் இரண்டு புள்ளி உயர்ந்தால் அதைப் பொருளுள்ள முன்னேற்றமாகக் கொள்வது வழக்கம்.

அடுத்தது செயற்பகுப்பு. சோறு பிசைந்து உண்பதை எடுத்துக்கொண்டால், நிலையாக உட்காருதல், தோளை முன்னீட்டுதல், முன்கையைத் திருப்புதல், கட்டைவிரலோடு மற்ற விரல்களைச் சேர்த்தல், சூட்டை உணர்தல், கவளத்தின் அளவைக் கணித்தல், கையை வாய்க்குக் கொண்டுபோதல் என்று அது பிரியும். பக்கவாதம் வந்தவருக்கு இதில் எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று கண்டறிந்த பின்பே சிகிச்சை வழி தெளிவாகும்.

வழிகள் மூன்று வகைப்படும். இழந்த திறனை மீட்பது முதல் வகை. மீளாத இடத்தில் செய்முறையை மாற்றுவது இரண்டாவது. ஒரு கையால் சட்டை அணிபவருக்குத் தளர்ந்த கையை முதலில் சட்டைக்குள் நுழைக்கக் கற்றுக்கொடுப்பது இதற்கு எடுத்துக்காட்டு. சூழலையும் கருவியையும் மாற்றுவது மூன்றாவது. குளியலறைக் கைப்பிடி, வாசல் சாய்தளம், தடித்த பிடியுள்ள கரண்டி, பொத்தானுக்குப் பதில் வெல்க்ரோ ஆகியவை இவ்வகை. கைச் சிகிச்சையில் ஸ்பிளிண்ட் முக்கியக் கருவி. வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் தகட்டை நோயாளியின் கைமேலேயே படிய வைத்துச் சிகிச்சையாளர் அதை உருவாக்குகிறார்.

சிகிச்சைக் களங்கள்

பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்கு உட்காரும் நிலையைச் சீராக்குவது, ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு உண்ணவும் உடுத்தவும் விளையாடவும் பழக்குவது, எழுதத் தடுமாறும் மாணவருக்கு உதவுவது ஆகியவை குழந்தைகள் களத்தின் பணிகள். தண்டுவடக் காயமுற்றவர் படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறக் கற்கிறார். படுக்கைப்புண் வராதிருக்க 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை எடையை மாற்றி அமரவும் பழகுகிறார். முடக்குவாதம் உள்ளவர் மூட்டுகளைக் காக்கும் வேலைமுறைகளைக் கற்கிறார். மனச்சிதைவிலிருந்து தேறுபவருக்குப் பணம் கையாளுதல், பேருந்தில் போதல், வேலையில் நிலைத்தல் ஆகியவை சிகிச்சை. மறதிநோய் உள்ள முதியவரின் வீட்டை ஆபத்தின்றி அமைப்பதும், அவரைப் பராமரிப்பவரின் சுமையைக் குறைப்பதும் இத்துறையின் கடமைகளே.

சிகிச்சையாளரின் சிந்தனை

தேர்ந்த சிகிச்சையாளர் எவ்வாறு சிந்திக்கிறார் என்பதை மானிடவியலாளர் செரில் மாட்டிங்லியும் செயல்முறை மருத்துவர் மௌரீன் ஃபிளெமிங்கும் ஆராய்ந்தனர். அவர்களுடைய நூல் 1994இல் வெளியானது. நோய்க்கூறு எது, எந்த முறை பொருந்தும் என்று எண்ணுவது ஒரு வகைச் சிந்தனை. எதிரில் இருப்பவர் இதை எப்படி உணர்கிறார் என்று அறிய முயல்வது இன்னொன்று. இவர் இப்படியே போனால் எங்கே நிற்பார், எந்த வாழ்க்கைக்குத் திரும்ப விரும்புகிறார் என்று முன்னோக்குவது மூன்றாவது. புதியவர்கள் பெரும்பாலும் முதல் வகையோடு நின்றுவிடுகிறார்கள். மூன்றையும் ஒரே அமர்வில் இயல்பாகக் கலப்பது அனுபவத்தின் அடையாளம். ஆண்டுகள் கழிவதால் மட்டும் அது வந்துவிடாது. தம் முடிவுகளைத் திரும்பிப் பார்க்கும் பழக்கமும், கேள்வி கேட்கும் மூத்தவரின் துணையும் வேண்டும்.

சான்றும் நடைமுறையும்

செயலைச் சிகிச்சையாகத் தருவதற்கும் பொழுதுபோக்காகத் தருவதற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் ஆய்வு தெளிவாக்கியது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஃபுளோரன்ஸ் கிளார்க் குழுவினர், 60 வயதும் அதற்கு மேலும் ஆன 361 பேரிடம் நடத்திய ஆய்வு 1997இல் வெளியானது. ஒரு குழுவுக்குச் செயல்முறை மருத்துவம், இன்னொன்றுக்குப் பொதுவான கூடிப்பழகும் நிகழ்ச்சிகள், மூன்றாவதற்கு எதுவும் இல்லை. ஒன்பது மாதங்களுக்குப் பின் முதல் குழுவின் உடல்நலமும் வாழ்க்கை நிறைவும் மேம்பட்டிருந்தன. கூடிப்பழகிய குழுவினர், எதுவும் பெறாதவர்களைவிடக் குறிப்பிடத்தக்க பயன் அடையவில்லை.

பக்கவாதத்துக்குப் பின் நல்ல கையைக் கையுறையால் கட்டுப்படுத்தித் தளர்ந்த கையை இரண்டு வாரம் தீவிரமாகப் பழக்கும் முறை, 222 பேர் பங்கேற்ற ஆய்வில் பயன் தந்தது. அந்த முடிவு 2006இல் வெளியானது. புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சையின் கதை வேறு. ஜீன் ஏயர்ஸ் வகுத்த இம்முறை குழந்தைகள் மையங்களில் பெரிதும் பரவியிருக்கிறது. அதன் பயனுக்கான சான்று போதாது என்பதைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும் என்றும், பலன் தெரிகிறதா என்று கண்காணிக்க வேண்டும் என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012இல் அறிவுறுத்தியது. ஊஞ்சலும் பந்துக்குளமும் வைத்துவிட்டால் சிகிச்சை நடப்பதாகாது. இலக்கு எழுதப்பட்டு, குறித்த காலத்தில் அளக்கப்பட்டு, பயனில்லையெனில் மாற்றப்பட வேண்டும்.

கல்வியும் பதிவும்

உலகக் கூட்டமைப்பின் குறைந்தபட்சக் கல்வித் தரம், பட்டம் பெறுமுன் மாணவர் குறைந்தது 1,000 மணி நேரம் களப்பயிற்சி பெற வேண்டும் என்கிறது. இந்தியாவில் இளநிலைப் பட்டம் நெடுங்காலம் ஆறு மாத உள்ளிருப்புப் பயிற்சியுடன் நாலரை ஆண்டுப் படிப்பாக நடந்துவந்தது. முதுநிலையில் எலும்பியல், நரம்பியல், குழந்தைகள் நலம், மனநலம் போன்ற பிரிவுகளில் தேர்ச்சி பெறலாம்.

நாடு முழுவதற்குமான சட்டபூர்வ ஒழுங்குமுறை இத்துறைக்கு வெகுகாலம் இல்லை. தில்லி, மகாராட்டிரம் போன்ற சில மாநிலங்களில் மட்டும் தனி மன்றங்கள் இருந்தன. 2021இல் நிறைவேறிய இணைநிலை மற்றும் உடல்நலத் தொழில்சார்ந்தோர் தேசிய ஆணையச் சட்டம் செயல்முறை மருத்துவர்களையும் உள்ளடக்கி, தேசிய, மாநிலப் பதிவேடுகளுக்கு வழிசெய்தது. தகுதியற்றவர்கள் மையம் நடத்துவதைத் தடுக்க நோயாளிகளுக்குக் கிடைத்துள்ள வலுவான காப்பு இது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றதும் இத்துறையின் பொறுப்பை விரிவாக்கியது.

தொடர் தொழில்முறை வளர்ச்சி

பட்டம் பெற்ற பின்னும் கற்றலைத் தொடர்வது பல நாடுகளில் உரிமத்தின் நிபந்தனை. பிரிட்டனில் செயல்முறை மருத்துவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கிறார்கள். அவர்களுள் 2.5 விழுக்காட்டினர் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு, தாம் கற்றது என்ன, அது நோயாளிக்கு எவ்வாறு உதவியது என்று காட்ட வேண்டும். அமெரிக்காவில் தேசியச் சான்றிதழைத் தக்கவைக்க மூன்று ஆண்டுகளில் 36 வளர்ச்சி அலகுகள் தேவை.

கருத்தரங்குகளில் கலந்துகொள்வது வளர்ச்சியின் ஒரு பகுதி மட்டுமே. கடினமான நோயாளி ஒருவரைப் பற்றிச் சக சிகிச்சையாளர்களோடு விவாதிப்பது, மூத்தவரின் மேற்பார்வையில் புதிய உத்தியைச் செய்து பார்ப்பது, ஆய்விதழ்களைக் கூடிப் படிப்பது, தம் துறையின் சிகிச்சைப் பதிவேடுகளைத் தணிக்கை செய்வது, மாணவருக்குக் களப்பயிற்சி தருவது ஆகியவை நடைமுறையை நேரடியாகச் செப்பனிடுகின்றன. மாவட்ட மருத்துவமனையிலோ சிறப்புப் பள்ளியிலோ தனி ஒருவராகப் பணிபுரியும் செயல்முறை மருத்துவருக்கு இத்தகைய துணை கிடைப்பது அரிது. அவருக்கு மேற்பார்வையும் வாய்ப்பும் அமைத்துத் தருவது நிறுவனத்தின் கடமை. தம் விடுமுறையிலும் தம் பணத்திலும் அவரே தேடிக்கொள்ள வேண்டிய சலுகையாக அது இருக்கக் கூடாது.

இந்தியச் சிகிச்சையாளர்களுக்குத் தனியான ஒரு பணியும் உண்டு. பயன்பாட்டில் உள்ள அளவீடுகள் பலவும் நாற்காலி, மேசை, மேற்கத்தியக் கழிப்பறை உள்ள வீட்டை மனத்தில் கொண்டவை. குந்தி அமர்தல், தரையில் உட்கார்ந்து எழுதல், புடவை கட்டுதல், குடம் சுமத்தல், நெரிசலான பேருந்தில் ஏறுதல் ஆகியவை அவற்றில் முழுமையாக இடம்பெறுவதில்லை. தற்சார்பே உயர்ந்த இலக்கு என்ற எண்ணத்தையும் கூட்டுக் குடும்பச் சூழலில் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது. ஜப்பானியச் சூழலிலிருந்து மைக்கேல் இவாமா வளர்த்தெடுத்த காவா மாதிரி, தனிமனிதரையும் அவரைச் சூழ்ந்தவர்களையும் பிரிக்காமல் பார்க்கும் முறை ஒன்றைத் தந்தது. தமிழ்நாட்டின் வீடுகளையும் வேலைகளையும் அறிந்த அளவீடுகளையும் கருவிகளையும் உருவாக்குவது இங்குள்ள சிகிச்சையாளர்களால்தான் முடியும். அன்றாடச் சிகிச்சைக் குறிப்புகளை ஒழுங்காக எழுதி, பயனை அளந்து, வெளியிடும் பழக்கம் அதற்குத் தொடக்கம். பதிவேடுகளுக்கும் ஆணையத்துக்கும் சட்டம் வழிசெய்துவிட்ட இக்காலத்தில், ஒரு சிகிச்சையாளரின் வளர்ச்சிக்குச் சான்றிதழ்களின் எண்ணிக்கையைவிட, அவரிடம் வந்தவர்கள் எந்தெந்தச் செயல்களுக்குத் திரும்பினார்கள் என்பதே தகுந்த அளவுகோல்.