திமிர்வாதக்காரன் குணமடைதல்

கப்பர்நகூமில் ஒரு வீட்டின் கூரையைப் பிரித்து உள்ளே இறக்கப்பட்ட நோயாளியை இயேசு எழுந்து நடக்கச் செய்த நிகழ்ச்சி, புதிய ஏற்பாட்டின் மூன்று நற்செய்தி நூல்களில் இடம்பெறுகிறது: மத்தேயு 9:1–8, மாற்கு 2:1–12, லூக்கா 5:17–26. பழைய தமிழ் வேதாகமம் இவரைத் திமிர்வாதக்காரன் என்கிறது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் முடக்குவாதமுற்றவர் என்கிறது. யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டுகள் கிடந்தவர் வேறொருவர். இருவரும் படுக்கையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் என்பதால் பிரசங்கங்களில் அடிக்கடி ஒருவராகிவிடுகிறார்கள்.

நற்செய்தி நூல்கள் கூறும் குணமாக்கல்களில் பாவமன்னிப்பு முதலில் அறிவிக்கப்பட்டு, உடல்நலம் அதன் பின்னே வருவது இந்த ஒன்றில்தான். பாவம், மன்னிப்பு, இரட்சிப்பு பற்றிய கிறிஸ்தவப் போதனைகள் பல இதை ஆதாரமாகக் கொண்டதற்கு அந்த வரிசையே காரணம். நோய் பாவத்தின் கூலி என்று நிறுவவும் இதே பகுதியை எடுத்தவர்கள் உண்டு. ஆனால் கதையில் அப்படி ஒரு வாக்கியம் இல்லை.

நிகழ்ச்சி

மூன்றில் பழையது மாற்குவின் வடிவம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அந்நூல் கி.பி. 70-ஐ ஒட்டி எழுதப்பட்டதாகக் கணிக்கிறார்கள். கலிலேயாவைச் சுற்றிவிட்டு இயேசு கப்பர்நகூம் திரும்பியிருக்கிறார்; வீட்டில் இருக்கிறார் என்ற செய்தி பரவி, வாசலிலும் நிற்க இடமில்லாதபடி கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கை கால் அசையாத ஒருவரை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். வழி கிடைக்கவில்லை. மேலே ஏறி, கூரையைத் தோண்டித் திறந்து, படுக்கையோடு அவரை இறக்குகிறார்கள். அவர்களுடைய விசுவாசத்தைக் கண்ட இயேசு, நோயாளியை மகனே என்று அழைத்து, அவர் பாவங்கள் மன்னிக்கப்பட்டதாக அறிவிக்கிறார்.

நோயாளியை நடக்கவைக்கத்தான் கூரையைப் பிரித்தார்கள். மன்னிப்பை யாரும் கேட்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த வேதபாரகர் சிலர், இது தேவதூஷணம், கடவுள் ஒருவரைத் தவிர வேறு யார் பாவத்தை மன்னிக்க முடியும் என்று மனதுக்குள் எண்ணுகிறார்கள். அதை உணர்ந்த இயேசு, மன்னிப்பை அறிவிப்பது எளிதா, எழுந்து நடக்கச் சொல்வது எளிதா என்று கேட்கிறார். பூமியில் பாவங்களை மன்னிக்க மனுஷகுமாரனுக்கு அதிகாரம் உண்டென்பதை அவர்கள் அறியும்படி, படுக்கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகுமாறு நோயாளிக்குச் சொல்கிறார். அவர் எல்லார் முன்னும் எழுந்து போகிறார்.

லூக்காவில் எதிரே அமர்ந்திருப்பவர்கள் கலிலேயா, யூதேயா, எருசலேமிலிருந்து வந்த பரிசேயரும் போதகரும். மத்தேயு கதையைச் சுருக்கி, கூரை நிகழ்வை முழுவதும் விட்டுவிடுகிறார். அவரை மட்டும் படிக்கும் ஒருவருக்கு, இயேசு எதைப் பார்த்து அவர்களுடைய விசுவாசத்தை அறிந்தார் என்பது புரியாது.

ஊரும் கூரையும்

கப்பர்நகூம் கலிலேயாக் கடலின் வடமேற்குக் கரையில் இருந்த மீனவர் ஊர். கடல் என்று பெயர் பெற்றாலும் அது நன்னீர் ஏரி. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 210 மீட்டர் கீழே இருக்கிறது. ஊரின் இடிபாடுகள் கிடக்கும் நிலத்தைப் பிரான்சிஸ்கன் துறவிகள் 1894-இல் வாங்கினார்கள். 1968 முதல் விர்ஜிலியோ கோர்போவும் ஸ்டானிஸ்லாவோ லோஃப்ரெடாவும் நடத்திய அகழாய்வில் கருங்கல் வீடுகளின் வரிசைகள் வெளிவந்தன. அவற்றில் ஒன்றின் மேல் ஐந்தாம் நூற்றாண்டில் எண்கோண வடிவக் கோயில் எழுப்பப்பட்டிருக்கிறது. பேதுருவின் வீடு அதுவே என்பது பழைய நம்பிக்கை. இந்த நிகழ்ச்சி நடந்த வீடும் அதுவே என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். மாற்கு அப்படிச் சொல்லவில்லை.

அந்த வீடுகள் பொது முற்றத்தைச் சுற்றி அமைந்தவை. சுவர்கள் செதுக்காத எரிமலைக் கல்லால் ஆனவை. மரச்சட்டங்களைக் குறுக்கே வைத்து, நாணலும் கிளைகளும் பரப்பி, மேலே மண்ணை மெத்தி அமைத்த தட்டைக் கூரைகள். முற்றத்திலிருந்து மேலேறக் கற்படிகள் உண்டு. மண்வெட்டியின் உதவியோடு நான்கு ஆட்கள் அத்தகைய கூரையில் வழி உண்டாக்குவது நடக்கக்கூடிய காரியம்தான். கீழே இருந்தவர்கள் தலையில் மண் கொட்டியிருக்கும் என்பதும் நிச்சயம். லூக்கா ஓடுகளைப் பிரித்ததாக எழுதுவதை, கிரேக்க நகரங்களின் வாசகருக்குத் தெரிந்த கூரையை அவர் நினைத்துக்கொண்டார் என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள்.

மன்னிக்கும் அதிகாரம்

வேதபாரகரின் ஆட்சேபத்தை வெறும் பொறாமை என்று ஒதுக்குவது பிரசங்கத்துக்கு வசதி, வரலாற்றுக்கு நியாயமில்லை. பாவத்தை மன்னிப்பவர் கடவுளே என்பது எபிரேய வேதத்தின் அடிப்படை (யாத்திராகமம் 34:6–7, ஏசாயா 43:25). அந்த மன்னிப்பு வந்து சேரும் ஒழுங்கான வழியை லேவியராகமம் நான்காம் ஐந்தாம் அதிகாரங்கள் வகுத்திருந்தன: குற்றவாளி பலிப்பொருளைக் கொண்டுவருவார், ஆசாரியர் பாவநிவர்த்தி செய்வார், மன்னிப்பு கிடைக்கும். இயேசுவின் காலத்தில் அது எருசலேம் ஆலயத்தில் நடந்தது. தீர்க்கதரிசிகள் கடவுளின் பெயரால் மன்னிப்பை அறிவிப்பதும் உண்டு. தாவீதுக்கு நாத்தான் அறிவித்தது தெரிந்த உதாரணம். யோவான் ஸ்நானகன் பாவமன்னிப்புக்கான ஞானஸ்நானத்தை ஆலயத்தில் கொடுக்கவில்லை, யோர்தான் கரையில் கொடுத்தார். சாக்கடலருகே கிடைத்த கும்ரான் சுருள்களில் நபோனிது மன்னனின் மன்றாட்டு எனப்படும் சிதைந்த துண்டு ஒன்று, ஏழாண்டு நோயுற்ற பாபிலோன் மன்னனின் பாவத்தை யூதர் ஒருவர் மன்னித்ததாகச் சொல்கிறதோ என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

ஆகவே ஆலயத்துக்கு வெளியே மன்னிப்பு என்ற சொல் காதில் விழுந்தது மட்டுமே அதிர்ச்சிக்குக் காரணமாக இருந்திருக்காது. பலி இல்லை, ஆசாரியர் இல்லை, அறிக்கையிடுதலும் இல்லை. போதாததற்கு, அதிகாரம் தனக்கே உண்டு என்கிறார் பேசுகிறவர். தானியேலின் ஏழாம் அதிகாரத்தில் மனுஷகுமாரனைப் போன்ற ஒருவர் ஆளுகையைப் பெறுகிறார்; இங்கே அந்தப் பெயரோடு பூமியில் மன்னிக்கும் அதிகாரமும் சேர்கிறது. மாற்கு இதை மறக்கவில்லை. 2:1 முதல் 3:6 வரை அவர் அடுக்கும் ஐந்து தர்க்கங்களில் இதுவே முதலாவது. கடைசித் தர்க்கம் கொலைச் சதியில் முடிகிறது. இங்கே மனதுக்குள் எழும் தேவதூஷணக் குற்றச்சாட்டை, இயேசுவை விசாரிக்கும் பிரதான ஆசாரியர் 14:64-இல் உரக்கச் சொல்கிறார். கிறிஸ்தவ மீட்புக் கோட்பாடு மன்னிப்பைச் சிலுவையோடு இணைப்பதற்கு மாற்குவின் கதைக்கட்டமைப்பே இடம் தருகிறது.

எது எளிது என்ற கேள்விக்கு இயேசு விடை சொல்லவில்லை. மன்னிப்பு என்று சொல்வது எளிது, ஏனென்றால் நடந்ததா இல்லையா என்று யாரும் சோதித்துப் பார்க்க முடியாது; நடக்கச் சொன்னால் அடுத்த நொடியே தெரிந்துவிடும் என்பது பரவலான விளக்கம். செய்வதைப் பொறுத்தவரை மன்னிப்பே கடினம் என்போரும் உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் லியோன் ஆயர் இரேனியு, உலகைப் படைத்த கடவுள் வேறு, இயேசுவின் தந்தை வேறு என்ற மார்சியோனின் வழிவந்தோர் போன்றவர்களுக்கு எதிராக இப்பகுதியை எடுத்து வாதிட்டார்: நாம் யாருக்கு விரோதமாகப் பாவம் செய்தோமோ அவரே மன்னிக்க முடியும், ஆகவே மன்னிப்பவர் படைத்தவரோடு ஒன்றானவராக இருக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் ருடால்ஃப் புல்ட்மன், 1921-இல் வெளியிட்ட ஆய்வு நூலில், மன்னிப்பைப் பற்றிய தர்க்கம் பழைய குணமாக்கல் கதைக்குள் பின்னால் செருகப்பட்டது என்றார். வாக்கிய ஓட்டத்தில் ஒரு தடுமாற்றம் இருப்பது உண்மைதான். ஆனால் தர்க்கத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வழக்கமான ஓர் அற்புதக் கதை; கூரையைத் தவிர அதில் நினைவுகொள்ள அதிகம் இராது.

நோயும் பாவமும்

சங்கீதம் 103 மன்னிப்பையும் குணத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறது. கீழ்ப்படியாமைக்குச் சாபமாக நோய்களை உபாகமம் 28 பட்டியலிடுகிறது. யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரம் நோயாளிக்காகச் செபிக்கையில் பாவமன்னிப்பையும் சேர்த்துக்கொள்கிறது. எனவே நோயைக் கண்டதும் பாவத்தைத் தேடுகிற பழக்கத்துக்கு வேதத்திலேயே வேர் உண்டு.

அந்தப் பழக்கத்துக்கு எதிரான குரலும் அங்கேதான் உண்டு. யோபு நூல் முழுக்க அந்த வழக்குதான்; நண்பர்கள் பாவத்தைத் தேடுகிறார்கள், கடைசியில் கடவுள் நண்பர்களைக் கண்டிக்கிறார். பிறவிக் குருடர் ஒருவரைக் காட்டி, பாவம் செய்தது இவரா பெற்றோரா என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு இருவரையும் விலக்கிவிடுகிறார் (யோவான் 9:2–3). சீலோவாமில் கோபுரம் விழுந்து மடிந்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்ல என்கிறார் (லூக்கா 13:4–5). பெதஸ்தா நோயாளியிடம் மட்டும் இனிப் பாவம் செய்யாதே என்று எச்சரிப்பது வருகிறது. கப்பர்நகூமில் அந்த எச்சரிக்கையும் இல்லை. என்ன பாவம் என்று கேட்கவும் இல்லை.

மன்னிப்பு கிடைத்தபிறகும் அவர் படுக்கையில்தான் கிடக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். பாவம் நோய்க்குக் காரணம் என்றால், காரணம் நீங்கிய கணமே கால்கள் அசைந்திருக்க வேண்டும். இடையில் ஒரு தர்க்கம் நடக்கிறது, அதன் பிறகு தனிக் கட்டளை ஒன்று வருகிறது. இரண்டும் இரு செயல்கள். ஒன்று மற்றொன்றுக்கு அடையாளம், விளைவு அல்ல. அந்த இடைவெளியில் அவர் மன்னிக்கப்பட்டவராகவும் முடங்கியவராகவும் ஒருங்கே இருக்கிறார். கிறிஸ்தவ இறையியல் இரட்சிப்பைப் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி இந்த நிலையில் வாழ்பவர்களைப் பற்றியதுதான்.

இதைக் கவனிக்காத வாசிப்புகள் மாற்றுத்திறனாளிகளுக்கு இழைத்த தீங்கு சிறியதல்ல. அமெரிக்க இறையியலாளர் நான்சி ஐஸ்லண்ட், 1994-இல் வெளியான தம் நூலில், உடற்குறையைப் பாவத்தோடு பிணைக்கும் சபைப் பேச்சைக் கடுமையாக விமர்சித்தார். பிறவியிலேயே எலும்புக் கோளாறுடன் வாழ்ந்தவர் அவர். குணமாகாதவருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லும் குணமளிக்கும் கூட்டங்களுக்கும் அந்த விமர்சனம் பொருந்தும். இந்தக் கதையிலோ விசுவாசம் சுமந்து வந்தவர்களுடையதாக இருக்கிறது.

யாருடைய விசுவாசம்

நோயாளி கதை முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. இயேசு கண்டது அவர்களுடைய விசுவாசம் என்று மூன்று நூல்களும் பன்மையில் சொல்கின்றன. நோயாளியும் அதில் சேர்ந்தவரா என்பதில் கருத்துவேறுபாடு உண்டு. கிறிசோஸ்தோம் யோவான், மத்தேயு பற்றிய தம் மறையுரையில், நம்பியிராவிட்டால் அவர் தம்மைக் கூரைவழியே இறக்க விட்டிருக்க மாட்டார் என்றார். மிலான் ஆயர் அம்புரோஸ், தன் பாவச்சுமையைக் கண்டு நம்பிக்கை இழந்தவர் பிறருடைய மன்றாட்டை நாட வேண்டும் என்று இதிலிருந்து கற்பித்தார். மார்ட்டின் லூதர் 1520-இல் எழுதிய பாபிலோனியச் சிறையிருப்பு என்ற நூலில் குழந்தை ஞானஸ்நானத்துக்குத் துணையாக இதையே காட்டினார்: பேசத் தெரியாத குழந்தையைச் சபையின் விசுவாசம் சுமந்து வருகிறது. தனிமனித விசுவாசத்தை அவ்வளவு வலியுறுத்தியவர் பிறர் விசுவாசத்தைத் துணைக்கழைத்த இடம் இது.

சபை மரபுகளில்

மனிதர்களுக்கு இத்தகைய அதிகாரம் கொடுத்த கடவுளை மக்கள் மகிமைப்படுத்தினார்கள் என்று மத்தேயு முடிக்கிறார். அந்தப் பன்மை, மன்னிப்பை அறிவிக்கும் அதிகாரம் திருச்சபைக்கும் வந்தது என்ற வாசிப்புக்கு வழிவிட்டது. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, ஒப்புரவையும் நோயில்பூசுதலையும் குணமளிக்கும் அருட்சாதனங்கள் என்று அறிமுகப்படுத்துகையில் இந்நிகழ்ச்சியையே முன்வைக்கிறது. சீர்திருத்தச் சபைகள், எந்தப் புண்ணியமும் காட்டாதவருக்கு வார்த்தையாலேயே மன்னிப்பு கிடைத்ததை அழுத்தின. அடுத்த பகுதியில் வரித்தண்டலர் லேவியின் வீட்டில், வைத்தியர் பிணியாளிகளுக்கே தேவை என்று இயேசு சொல்வதோடு சேர்த்துப் படித்தால் இரு தரப்பும் கொஞ்சம் நெருங்கிவிடும்.

ஓவியம், வழிபாடு, இசை

சிரியாவில் யூப்ரட்டிஸ் நதிக்கரையில் இருந்த துரா யூரோபோஸ் ஊரின் வீட்டுக் கோயிலில், ஞானஸ்நான அறைச் சுவரில் இக்காட்சி தீட்டப்பட்டிருந்தது. காலம் ஏறத்தாழ கி.பி. 232, நமக்குக் கிடைத்துள்ள இயேசுவின் மிகப் பழைய ஓவியங்களில் ஒன்று. ஒரு பக்கம் நோயாளி படுத்திருக்கிறார், மறுபக்கம் அவரே கட்டிலை முதுகில் சுமந்து நடக்கிறார். 256-ஐ ஒட்டி சாசானியப் பாரசீகரிடம் ஊர் வீழ்ந்தபோது அந்த ஓவியம் மண்ணுக்குள் போனது. 1930-களின் தொடக்கத்தில் தோண்டியெடுக்கப்பட்டு இப்போது யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் இருக்கிறது. பாவம் கழுவப்படும் தொட்டி இருந்த அறைக்கு இக்கதையைத் தேர்ந்தது தற்செயலாக இருக்க முடியாது. ரோமக் கல்லறைச் சுரங்கங்களிலும் கட்டில் சுமக்கும் மனிதர் பலமுறை வருகிறார். இத்தாலியின் ராவென்னாவில் ஆறாம் நூற்றாண்டு மொசைக் ஒன்று அவரைக் கயிற்றில் இறக்கும் தருணத்தைக் காட்டுகிறது.

கிரேக்க ஆர்த்தடாக்ஸ் மரபில் பெரிய நோன்பின் இரண்டாம் ஞாயிறு மாற்குவின் வடிவம் வாசிக்கப்படுகிறது. கேரளத்தில் வேரூன்றிய மலங்கரைச் சபைகள் உட்பட மேற்குச் சிரியாக் மரபில் நோன்பின் மூன்றாம் ஞாயிறு திமிர்வாதக்காரனின் ஞாயிறு. லூத்தரன் சபைகளின் பழைய வாசக வரிசை மத்தேயுவின் வடிவத்தைத் திரித்துவத் திருநாளுக்குப் பின்வரும் பத்தொன்பதாம் ஞாயிறுக்கு வைத்தது. லைப்சிக் நகரில் அந்த ஞாயிறுக்காக யோஹான் செபாஸ்டியன் பாக் மூன்று ஆண்டுகளில் கந்தாத்தா எனப்படும் வழிபாட்டு இசைப்படைப்புகள் மூன்றை இயற்றினார்: 1723, 1724, 1726. தனிக்குரலுக்கு அமைந்த மூன்றாவது மிகப் புகழ்பெற்றது. அதன் பாடல் நோயாளியைத் தொடவே இல்லை. இயேசு படகேறி வந்தார் என்ற மத்தேயுவின் முதல் வசனத்தைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையைக் கடற்பயணமாகப் பாடுகிறது.