சோழமண்டலத் திரையும் யப்பானியப் பேழையும்

ஒரு பொருள் பிறந்த ஊர் ஒன்றாகவும் பெயர் பெற்ற ஊர் வேறொன்றாகவும் அமைதல் உண்டு. ஐரோப்பியச் செல்வர் மாளிகைகளை அணிசெய்த ‘கோரமண்டல் திரை’ இதற்குத் தக்க சான்று. கோரமண்டல் என்பது நம் சோழமண்டலக் கரையே. பெயரைக் கண்டு, அத்திரை தமிழர் கைவண்ணம் என மகிழ்வாரும் உளர். உண்மை அதுவன்று. அது 17ஆம் நூற்றாண்டில் சீனத்தில் உருவாகி, நம் கரைத் துறைகளின் வழியே மேலைநாடு சென்றது. வழியின் பெயரே பொருளுக்கு நிலைத்துவிட்டது.

அந்நாளில் கடல் கடந்த மற்றோர் அரும்பொருள் யப்பானியப் பேழை. பழவேற்காட்டில் 1613இல் கோட்டை அமைத்த ஒல்லாந்தக் கும்பெனியார், 1641 முதல் நாகசாகியின் தேசிமாத் தீவிலிருந்தும் வாணிகம் நடத்தினர். யப்பானியர் கையாண்டது நாம் அறிந்த அரக்கன்று. நம் அரக்கு சிறு பூச்சியினம் தரும் பிசின். அவர்தம் ‘உருஷி’யோ ஒரு மரத்தின் பால். மேனியிற் பட்டால் தடித்து அரிக்கும் அப்பாலை மரத்தின்மீது மெல்லெனப் பூசி, ஈரக்காற்றில் இறுகவிட்டுத் தேய்த்து, மீண்டும் மீண்டும் பூசுவர். உலராத பூச்சின்மேற் பொற்றூளைத் தூவி ஓவியம் அமைப்பர். ‘மாகி-எ’ என்னும் அக்கலையின் பெயருக்குத் ‘தூவிய ஓவியம்’ என்பதே பொருள்.

அவ்வோவியங்கள் வெறும் அழகுக்காக எழுந்தவையல்ல. பைன், மூங்கில், பிளம் ஆகிய மூன்றும் பனிக்குத் தளராத உறுதியைச் சுட்டும். நாரையும் ஆமையும் நீடுவாழ்வைச் சுட்டும். நிலவொளியில் அசையும் புல் இலையுதிர்காலத்தின் ஏக்கத்தைச் சுட்டும். ஒரு பூவைக் காட்டிப் பொழுதையும் உள்ளத்தையும் உணர்த்தும் இம்முறை, திணை வகுத்து வாழ்ந்த நமக்குப் புதிதன்று. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட்டு அருங்காட்சியகத்திலுள்ள ‘மசாரின் பேழை’ 1640ஆம் ஆண்டளவில் செய்யப்பெற்றது. அதில் ‘கெஞ்சி’ கதைக் காட்சிகள் பொன்னொளி வீசுகின்றன. அக்கதையை முரசாக்கி என்னும் பெண்மணி இயற்றிய காலமும், இராசராசன் தஞ்சைப் பெருங்கோயில் எழுப்பிய காலமும் ஏறத்தாழ ஒன்றே.

வாளையாற்றுக் கணவாயில் வாழும் நாம், நாள்தோறும் எத்தனையோ சரக்குகள் நம்மைக் கடந்து செல்லக் காண்கிறோம். கடந்து சென்றவை யாவும் நம் விளைவு ஆகா. துறை தந்த பெருமை வேறு. படைத்த பெருமை வேறு. பிறந்த மண்ணைவிட்டு வந்து வாழும் நாம், நம் சிறார்க்கு முன்னோர் புகழைச் சொல்லாமல் இருத்தல் இயலாது. சொல்லுங்கால் பிறர் கைவண்ணத்தை நமதாக்க வேண்டுவதில்லை. உலக வாணிகத்திற்கு வாயிலாய் நின்ற கரை நம்முடையது என்னும் உண்மை ஒன்றே போதிய பெருமையாம்.